பிள்ளையின் பள்ளி ஐபேடை யார் யார் பார்க்கிறார்கள்?

உட்லண்ட்ஸ் அப்பா:
மகள் உயர்நிலை இரண்டு. பள்ளி ஐபேடில் உள்ள கண்காணிப்புச் செயலி அவள் இணையத்தில் தேடுவதைப் பதிவு செய்கிறது. வகுப்பில் ஆசிரியர் அவள் திரையைப் பார்க்கலாம். 2021இல் சிங்கப்பூரில் இதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது பேச்சே இல்லை. எல்லாரும் பழகிவிட்டோமா?

இரவுப்பணித் தாதி:
அண்ணே, வாரத்தில் மூன்று இரவு நான் மருத்துவமனையில். மகன் தூங்கினானா, கேம் விளையாடுகிறானா என்று யார் பார்ப்பது? இருப்பிடத்தையோ கடவுச்சொல்லையோ சேகரிப்பதில்லை என்று கல்வி அமைச்சு சொல்லியிருக்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகு வேண்டாமென்றால் நிறுத்தவும் பெற்றோருக்கு வழி உண்டு. நீங்கள் நிறுத்தினீர்களா?

உட்லண்ட்ஸ் அப்பா:
நிறுத்திவிட்டேன் தங்கச்சி. ஆனாலும் போன மாதம் மகள் என் கைப்பேசியைக் கேட்டாள். மாதவிடாய் வலி பற்றித் தேட வேண்டுமாம். ஐபேடில் தேடினால் பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். நிறுத்தியாச்சு என்று சொல்லியும் நம்பவில்லை. 14 வயதுப் பிள்ளை தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளவே தயங்குகிறாள். என் மனசு ஆறவில்லை.

கணக்கு டீச்சர்:
நான் திரையைப் பார்ப்பது பாடம் நடக்கும்போது மட்டும்தான். அதுகூட இல்லையென்றால் பாதி வகுப்பு யூடியூப்பில் இருக்கும்.

கணினிக்காரன்:
டீச்சர், உங்கள் மேல் சந்தேகம் இல்லை. 2024 ஏப்ரலில், அப்போது பள்ளிகளில் இருந்த கண்காணிப்புச் செயலியான மொபைல் கார்டியன் ஊடுருவப்பட்டு, 127 பள்ளிகளின் பெற்றோர், ஆசிரியர் பெயர்களும் மின்னஞ்சல்களும் வெளியே போயின. ஆகஸ்டில் மறுபடியும் ஊடுருவல். 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்ததெல்லாம் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டது. அப்புறம்தான் அமைச்சு அந்தச் செயலியை நீக்கியது. பள்ளி நிர்வகிக்க வேண்டும் என்று கொடுத்த அதிகாரம்தான் அன்று யாரோ ஒருவன் கையில் இருந்தது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு வேறு விதிகள்.

இரவுப்பணித் தாதி:
நோட்ஸ் இழந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் செயலி இல்லாத அந்த நாட்களில் என் மகன் விடியற்காலை வரை விழித்திருந்தான். நான் வேலை முடிந்து வரும்போது கண் சிவந்து உட்கார்ந்திருப்பான். அதை நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

உட்லண்ட்ஸ் அப்பா:
சரி, புரிகிறது. ஆபாசம், சூதாட்டத் தளங்களைத் தடுக்கட்டும், இரவில் பூட்டட்டும். எதைத் தேடினாள் என்ற பட்டியல் எதற்கு? அதை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் யார் திறந்து பார்க்கலாம்? அடுத்த பெற்றோர் சந்திப்பில் எழுதியே கேட்கப்போகிறேன்.

இரவுப்பணித் தாதி:
கேளுங்கள் அண்ணே, என் மகன் பள்ளியில் நானும் கேட்கிறேன். இரவுப் பூட்டை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.