நாலு சர்வர், ஒரு கார்டுப் பெட்டி: கைமாற்றும்போது எங்கே வழுக்குகிறது

பெட்டிக்காரன்

எட்டு ஸ்லாட் பெட்டி, நடுவில் பிசிஐஇ (கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் அதிவேகத் தடம்) சுவிட்ச், பின்னால் நாலு கேபிள், நாலு லினக்ஸ் சர்வர். ஜிபியு (கணக்கீட்டுக் கார்டு), என்விஎம்இ (வேகமான வட்டு), நெட்வொர்க் கார்டு எல்லாம் கலந்து செருகியிருக்கும். வேலைக்குத் தக்கபடி ஒரு சர்வரிடமிருந்து வாங்கி இன்னொன்றிடம் கொடுப்பது. இந்த மாதிரி அமைப்பில் எதெது எங்கே கவிழ்க்கும் என்று இங்கே சேர்த்து வைக்கலாம்.

பகிர்வு என்ற சொல்லிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. சாதாரண கார்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட்தான் (கார்டைப் பயன்படுத்தும் சர்வர்) சொந்தக்காரர். சுவிட்ச் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனித்தனி மெய்நிகர் சுவிட்சைக் காட்டுகிறது. அடுத்தவர் வசம் இருக்கும் கார்டு கண்ணிலேயே படாது. அதனால் வேலை முழுக்கக் கைமாற்றம்தான். கொடுக்கும் பக்கம் சரியாக விடாவிட்டால், வாங்கும் பக்கத்தில் என்ன செய்தாலும் உருப்படாது.

ஜிபியுவுக்கு நான் பின்பற்றும் வரிசை: வேலைகளை நிறுத்து. என்விடியா கார்டு என்றால் பெர்சிஸ்டன்ஸ் டீமனை (டிரைவரை எப்போதும் ஏற்றியே வைத்திருக்கும் பின்னணி நிரல்) நிறுத்தி, என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையின் டிரெயின் வசதியால் புது வேலை ஏறாமல் தடு. கண்காணிப்பு ஏஜென்ட்டை மறக்காதே. பத்து விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலை கேட்கும் சின்ன நிரல் ஒன்று சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் அன்பைண்ட் (கார்டிலிருந்து டிரைவரை விடுவிப்பது) அப்படியே தொங்கும். அந்த பிராசஸ் டி நிலைக்கு (கெர்னலுக்குள் குறுக்கிட முடியாத தூக்கம்) போனால் கில் கொடுத்தும் சாகாது. எல்எஸ்ஓஎஃப் (திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் கட்டளை) வெறுமையாக வந்த பிறகுதான் டிரைவரை விடுவிக்க வேண்டும். அடுத்து சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் லினக்ஸ் அடைவு) அந்தக் கார்டின் அடைவில் உள்ள ரிமூவ் கோப்பில் 1 எழுது. டிஸ்ப்ளே வெளியீடு உள்ள கார்டுகளில் ஃபங்ஷன் 1 (ஒரே கார்டுக்குள் தனிச் சாதனமாகத் தெரியும் இரண்டாவது பகுதி) ஒலிச் சாதனமாக இருக்கும். அதை ஒலி டிரைவர் பிடித்திருக்கும். ஃபங்ஷன் 0-ஐ மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

இதற்குப் பிறகுதான் சுவிட்சின் மேலாண்மைக் கருவியில் போர்ட்டை அவிழ்ப்பது, கார்டை ரீசெட் செய்வது, புது ஹோஸ்டில் கட்டுவது. ரீசெட் முடிந்ததும் குறைந்தது 100 மில்லிவிநாடி விடாமல் கான்ஃபிக் படிப்பை (கார்டின் அமைப்புப் பதிவேடுகளைப் படிக்கும் கோரிக்கை) அனுப்பக் கூடாது. கார்டு முழுதாக எழுந்திருக்க 1 விநாடி வரை ஆகலாம். ஸ்கிரிப்டில் 2 விநாடி தூக்கம் போடுங்கள். அவசரப்பட்டு எதையும் சாதிக்கப் போவதில்லை.

ரேக்44

மேலே உள்ள வரிசை சரி. ஆனால் பலருக்கு அது வரைக்கும் போகவே வாய்ப்பு கிடைக்காது. புது ஹோஸ்டில் கார்டு தெரியும், டிரைவர் ஏறாது. கெர்னல் பதிவில் ‘நோ ஸ்பேஸ்’ என்று ஒரு வரி மட்டும் கிடக்கும். காரணம் முகவரி இடம், அதாவது கார்டின் நினைவகத்தை ஹோஸ்ட் அணுக ஒதுக்கும் எண் வரம்பு.

ஹோஸ்ட் பூட் ஆகும்போது பெட்டியில் அதற்கென்று கார்டு எதுவும் கட்டப்படவில்லை என்றால், பயாஸ் அந்தப் பாலங்களுக்கு (கார்டுக்குப் போகும் வழியிலுள்ள சுவிட்ச் போர்ட்டுகள்) ஒப்புக்குச் சின்னதாக இடம் ஒதுக்கும். லினக்ஸ் ஹாட் பிளக் (ஓடும்போதே கார்டு செருகக்கூடிய) பாலத்துக்குத் தானாக ஒதுக்குவதும் 2 எம்பிதான். 80 ஜிபி ஏ100 கார்டின் பெரிய ஜன்னல் (அதற்கு வேண்டிய முகவரி இடம்) 128 ஜிபி. 40 ஜிபி கார்டுக்கு 64 ஜிபி. 2 எம்பியில் அதை எங்கே நுழைப்பது? நாலு ஏ100 வரை வரக்கூடிய ஹோஸ்ட் என்றால் 512 ஜிபிக்கு மேல் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும்.

பயாஸில் 4 ஜிபிக்கு மேல் டிகோடிங் (அதற்கு மேலுள்ள முகவரிகளையும் கார்டுகளுக்குக் கொடுப்பது) இயங்க வேண்டும். உயர் எம்எம்ஐஓ (கார்டுகளுக்கான முகவரி இடம்) அளவு என்ற அமைப்பு இருந்தால் அதையும் பெரிதாக்குங்கள். கெர்னல் வரியில் பிசிஐ அளவுருவுக்குக் கீழே ஹெச்பி-எம்எம்ஐஓ-பிரெஃப்-சைஸ், ஹெச்பி-பஸ்-சைஸ், ரீஅலாக் மூன்றும் வேண்டும். ஆவணத்தில் இவை கோடில்லாமல் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். முதலாவது ஒவ்வொரு ஹாட் பிளக் பாலத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும். எட்டு போர்ட்டுக்கும் 128 ஜிபி என்று போட்டால் மொத்தம் 1 டெராபைட். அது ரூட் போர்ட்டின் (சர்வர் பக்கத்துத் தொடக்கப் போர்ட்) ஜன்னலுக்குள் அடங்க வேண்டும். பயாஸ் கொடுத்த மேல் எல்லையைக் கெர்னல் தாண்ட முடியாது.

பஸ் (கார்டுகள் தொங்கும் கிளை) எண்ணும் அதே கதைதான். ஒரு செக்மென்ட்டுக்கு 256 பஸ். சுவிட்சின் ஒவ்வொரு டவுன்ஸ்ட்ரீம் (கார்டுப் பக்க) போர்ட்டும் ஒன்றைத் தின்னும். கார்டுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் இருந்தால் இன்னும் சில போகும். ஹெச்பி-பஸ்-சைஸ் இயல்பாக 1. அப்படிப்பட்ட கார்டைப் பிறகு ஓடும்போதே செருகினால் பாதிதான் தெரியும்.

உடனடி மருந்து ஒன்று உண்டு. அந்தக் கிளையில் வேறு கார்டு வேலையில் இல்லை என்றால், மேலே உள்ள பாலத்தையே ரிமூவ் செய்து ரீஸ்கேன் கொடுங்கள். ஜன்னல்கள் புதிதாகக் கணக்கிடப்படும். சில சமயம் ரீபூட் மிச்சமாகும்.

கடிகாரம்100

மென்பொருளையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டி வாங்கிய முதல் வாரத்தில் வரும் லிங்க் (இணைப்பு) அறுந்துபோவதில் பெரும்பங்கு கிளாக் விவகாரம்.

பெரும்பாலான மதர்போர்டுகளில் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் இயல்பாகவே இயங்கும். அது 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 0.5% வரை கீழே இழுத்து இழுத்து விடுகிறது. ஒரே ஹோஸ்டும் பொதுக் கடிகாரமும் என்றால் இரு முனையும் சேர்ந்தே ஆடும், பிரச்சினை வராது. நாலு ஹோஸ்ட் ஒரே சுவிட்சில் சேரும்போது நாலு கடிகாரம் நாலு விதமாக ஆடுகின்றன. தனித்தனிக் கடிகாரத்துக்கு விவரக்குறிப்பு தரும் சலுகை முனைக்கு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மொத்தம் 600. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் தனித்தனியாக ஓடினால் வித்தியாசம் 5600 வரை போகும். அதைத் தாங்க இரு முனையும் எஸ்ஆர்ஐஎஸ் (தனித்தனிக் கடிகாரம், தனித்தனி ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம்) முறையை ஆதரிக்க வேண்டும். இல்லையென்றால் நாலு சர்வரின் பயாஸிலும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரத்தை அணைத்துவிடுங்கள். திருத்தக்கூடிய பிழைகளின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி, லிங்க் அடிக்கடி ரீட்ரெயின் ஆகிறது (மறுபடி பேசி இணைகிறது) என்றால் கேபிளை மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

இன்னொன்று, ரீசெட் கம்பி. ஒவ்வொரு கேபிளிலும் ஹோஸ்டின் ரீசெட் சமிக்ஞை வருகிறது. பெட்டியின் அமைப்பு தவறாக இருந்தால் ஹோஸ்ட் 1 ரீபூட் ஆகும்போது அது மொத்த சுவிட்சையும் ரீசெட் செய்து, ஹோஸ்ட் 2-இன் கார்டுகளையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். பெட்டியைப் பணியில் போடுமுன் செய்ய வேண்டிய சோதனை இது: எல்லா ஹோஸ்டிலும் சுமை ஓடட்டும், ஒவ்வொன்றாக மின்சாரத்தைப் பிடுங்குங்கள், மற்ற மூன்றின் கெர்னல் பதிவையும் பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகும்.

மின்சாரம் கொடுக்கும் வரிசையும் முக்கியம்: பெட்டி முதலில், சர்வர்கள் பிறகு.

லேன்_பதினாறு

கையால் கழற்றுபவர்களுக்கு. பச்சை விளக்கு எரிந்தால் ஸ்லாட்டில் மின்சாரம் உண்டு, தொடாதே. மின்னினால் மாற்றம் நடக்கிறது, அப்போதும் தொடாதே. அணைந்தால் எடுக்கலாம். ஆம்பர் விளக்கு நிலையாக எரிந்தால் கோளாறு. மின்னினால் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பொருள். ஸ்லாட்டின் அட்டென்ஷன் பொத்தானை அழுத்தினால் பச்சை மின்னத் தொடங்கும். 5 விநாடிக்குள் மறுபடி அழுத்தினால் ரத்தாகும். தவறான ஸ்லாட்டை அழுத்தியவருக்கு அந்த 5 விநாடிதான் உயிர்.

இதைவிட நல்ல வழி: சிஸ்எஃப்எஸ்ஸில் ஸ்லாட் அடைவில் உள்ள அட்டென்ஷன் கோப்பில் எழுதி ஆம்பரை மின்ன வைத்துவிட்டு, பிறகு ரேக்குக்கு நடப்பது. பஸ் எண்ணை வைத்துக் கார்டைத் தேடாதீர்கள். கைமாறும்போதெல்லாம் அது மாறும். கார்டின் சீரியல் எண்ணும் ஸ்லாட் எண்ணும் மட்டுமே பட்டியலில் இருக்கட்டும்.

ஒரு ஆபத்து. ஸ்லாட்டின் மின்சாரக் கட்டுப்பாடு ஸ்லாட் வழியாகப் போகும் 75 வாட்டை வெட்டும். கார்டின் தலையில் செருகிய 8 பின் கேபிள் வழியாகப் போகும் 150 வாட்டைப் பல பெட்டிகள் வெட்டுவதில்லை. பச்சை அணைந்தும் அந்தக் கேபிளில் 12 வோல்ட் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

பெட்டிக்காரன்

சொல்லாமல் உருவினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இல்லாத கார்டைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். ‘இந்த பிட் 0 ஆகும் வரை காத்திரு’ என்று எழுதிய டிரைவர் அதிலேயே சுற்றிச் சுற்றி ஒரு கோரை (செயலியின் ஒரு கணிப்புப் பகுதி) விழுங்கிவிடும். எல்எஸ்பிசிஐ (கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) பட்டியலில் ‘ரெவ் எஃப்எஃப்’ என்று தெரிந்தால் அது பிணம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிசிஐஇ 3.1-இல் வந்த டிபிசி வசதி டவுன்ஸ்ட்ரீம் போர்ட்டில் இயங்கினால், கடும் பிழை வந்ததும் அந்த லிங்க் மட்டும் மூடப்படும். மற்றக் கார்டுகள் பிழைக்கும். அது இல்லாமல், பிழையை முதலில் ஃபர்ம்வேர் கையாளும்படி அமைத்த சர்வரில் மொத்த இயந்திரமும் ரீசெட் ஆகலாம். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் கருத்து. எத்தனை ஸ்லாட் என்பதெல்லாம் பிறகு.

வட்டுக்காவலன்

என்விஎம்இயில் விதி வேறு. ஜிபியு தப்பாகப் போனால் வேலைதான் போகும். இங்கே தரவே போகும். அன்மவுண்ட், எல்விஎம் (வட்டு இடத்தைச் சேர்த்துப் பிரிக்கும் லினக்ஸ் மென்பொருள்) தொகுதியைச் செயலிழக்க வைத்தல், எம்டி ரெய்டை (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) நிறுத்துதல், அப்புறம்தான் ரிமூவ். எல்விஎம்மை மறந்தால் பழைய ஹோஸ்டில் பேய் சாதனம் ஒன்று நிற்கும். வட்டு திரும்பி வரும்போது வேறு பெயரில் ஏறி, இரண்டும் ஒரே அடையாளத்தைச் சொல்லும்.

இரட்டை போர்ட் யு.2 வட்டு மட்டும் உண்மையிலேயே இரண்டு ஹோஸ்டுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். நாலு லேன் (தரவுத் தடம்) இரண்டு இரண்டாகப் பிரியும். அதில் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்றவற்றை இரு பக்கமும் மவுண்ட் செய்தால் கோப்பு முறைமை சிதையும். படிக்க மட்டும் என்று போட்டாலும் நம்பாதீர்கள். ஜர்னலை (கோப்பு முறைமையின் மாற்றக் குறிப்பேடு) ஓட்டிப் பார்க்கும்போது அது எழுதும். என்விஎம்இ ரிசர்வேஷன் போட்டு ஒரு பக்கத்தைப் பூட்டுவதே வழி.

துறை விட்டுத் துறை வட்டு மாறினால் சானிடைஸ் கட்டளை (வட்டை முழுதாக அழிப்பது). ஃபங்ஷன் ரீசெட் தரவைத் தொடாது.

கண்ணாடிஇழை

நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு வரி. இடைமுகப் பெயர் பஸ் எண்ணிலிருந்து பிறக்கிறது, ஆகவே புது ஹோஸ்டில் பெயர் மாறும். மேக் முகவரியை (கார்டின் வன்பொருள் எண்) வைத்துப் பெயரிடுங்கள். அந்த மேக் கார்டோடு போவதால் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) பழைய ஐபியைப் புது சர்வருக்குக் கொடுத்துவிடும், அதையும் பாருங்கள்.

எஸ்ஆர்-ஐஓவி பற்றிக் கேட்பார்கள் என்பதால்: அது ஒரே ஹோஸ்டுக்குள் ஒரு கார்டை மெய்நிகர் இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. பல ஹோஸ்டுக்குப் பிரிக்கவென்றே 2008-இல் எம்ஆர்-ஐஓவி விவரக்குறிப்பு வந்தது. கார்டும் சுவிட்சும் இரண்டுமே அதற்கென்று செய்யப்பட வேண்டும் என்பதால் சந்தையில் வேரூன்றவில்லை. இப்போது சில சுவிட்சுகள் முதன்மை ஃபங்ஷனைத் தாமே வைத்துக்கொண்டு மெய்நிகர் ஃபங்ஷன்களை மட்டும் ஹோஸ்டுகளுக்குக் கொடுக்கின்றன. கார்டைக் கைமாற்றும் முன் மெய்நிகர் ஃபங்ஷன் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். 4-ஐ நேரே 8 ஆக்கவும் கெர்னல் விடாது. நடுவில் 0 எழுதியே ஆக வேண்டும்.

ரேக்44

கைமாற்றியதும் லிங்க் நிலையைப் படியுங்கள். 16 லேன் கார்டு 8-இல் நின்றால் பெரும்பாலும் கேபிள் முழுதாக அமரவில்லை; கழற்றிச் செருகினால் சரியாகும். வேகம் மட்டும் 2.5 ஜிடி/எஸ் (மிகக் குறைந்த வேகம்) என்று காட்டினால் பதற வேண்டாம். சும்மா இருக்கும் ஜிபியு மின்சாரம் மிச்சம் பிடிக்க இறங்கியிருக்கும். சுமை கொடுத்துக்கொண்டே மறுபடி படியுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால்தான் கேபிளையோ ரீடைமரையோ (வழியில் சமிக்ஞையைப் புதுப்பிக்கும் சிப்) சந்தேகப்படலாம்.