மலைப்பாதை ஜீப்பில் கிளட்ச், கியர் பாக்ஸ் வேலை: எங்கள் அனுபவங்கள்

போடிநாயக்கனூரிலிருந்து, மஹிந்திரா எம்எம் 540 வைத்திருப்பவர்:

ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் ஜீப்புகளில் கிளட்ச் போவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் செய்திதான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை என்பதால் அங்கே வண்டிக்குப் பெரிய சோதனை இல்லை. மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகு, ஆட்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, உருளைக்கல் பாதையில் நின்று நின்று ஏறும்போதுதான் கிளட்ச் தேய்கிறது. புது கிளட்ச் செட் போட்ட ஜீப்பே ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் மறுபடியும் பட்டறைக்கு வந்து நிற்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் (எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு) ஏன் போயிற்று என்பதைக் கண்டுபிடிக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றுவதுதான் இதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு எப்படி வந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய ஜீப் வேறொரு தோட்டக்காரரிடமிருந்து வாங்கியது. 2112 சிசி பெஜோ டீசல் எஞ்சின், நான்கு கியர். விற்றவர் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் கிளட்ச் வேலை பார்த்திருந்தார். அதற்கான பில்லையும் கையில் கொடுத்தார். ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினின் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. மேலே போய் நிறுத்தும்போது கருகிய வாடை வண்டிக்குள் நிறைந்திருந்தது.

இப்படிப்பட்ட நிலையில் உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடக் கூடாது. முதலில் பெடலின் ஃப்ரீ பிளேயைப் பார்க்க வேண்டும். பெடலைக் கையால் அழுத்தினால், எதிர்ப்பு தெரிவதற்கு முன் ஏறக்குறைய ஓர் அங்குலம் சும்மா இறங்க வேண்டும். அது அறவே இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பெடலைக் கிளட்சோடு இணைக்கும் லிங்க்கேஜைச் சரிசெய்தாலே வழுக்கல் நின்றுவிடக்கூடும். அடுத்து, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். என் ஜீப்பில் ஃப்ரீ பிளே சரியாகவே இருந்தது. எஞ்சினோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் கியர் பாக்ஸை இறக்கும் முடிவுக்கு வந்தோம்.

பழைய ஜீப்பில் இது எளிய வேலையன்று. தரைத்தகட்டைக் கழற்றி, லீவர்களை எடுத்து, ஆக்சில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டுகளையும் விடுவித்து, கியர் பாக்ஸையும், அதன் பின்னால் இருந்து முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒன்றாகவே இறக்க வேண்டும். அதற்கு முன் எஞ்சினின் பின்பக்கத்துக்குக் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். ஏனென்றால் எஞ்சினின் பின்பாரமும் கியர் பாக்ஸுக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது. ட்ராலி ஜாக்கி இல்லாமல் ஆள்பலத்தால் இறக்கும் பட்டறைகளில், கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் வளைந்துபோவதற்கும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி நெளிவதற்கும் வாய்ப்பு அதிகம். ஆகையால் ஜாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே நான் வண்டியை விடுவேன்.

கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உட்புறம் நனைந்திருந்தது. எங்கள் மெக்கானிக், வயதில் மூத்தவர், அந்த ஈரத்தை ஒரு விரலால் வழித்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் விரலிலும் தடவி முகர்ந்து பார்க்கச் சொன்னார். கறுத்து, நீர்த்து இருந்தால் அது எஞ்சின் ஆயில்; எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் பின்னால் எண்ணெயைத் தடுக்கும் சீல் கசிகிறது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது கியர் ஆயில். இன்புட் ஷாஃப்டின் முன்பக்கம் கசிகிறது. எங்கள் விரலில் இருந்தது கந்தக நெடி. கழற்றிய பிளேட்டைப் பார்த்தபோது, அதன் உராய்வுப் பரப்பான லைனிங் ரிவெட் தலைகளுக்கு மேல் இன்னும் நல்ல கனத்தோடுதான் இருந்தது. ஆனால் அதன் முகம் எண்ணெய் ஊறி, வெந்து, பளபளவென்று இறுகிப்போயிருந்தது. தேயாத பிளேட் வழுக்கியதற்கு அதுவே காரணம். சில மாதங்களுக்கு முன் அந்த வண்டியைத் திறந்தவர்கள் புது பிளேட்டைப் போட்டுவிட்டு, அதன்மேல் எண்ணெய் சொட்டிய இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மெக்கானிக் அதோடும் நிற்கவில்லை. எண்ணெய் ஏன் கசிந்தது என்று தேடி, டிரான்ஸ்ஃபர் கேஸின் ப்ரீதரை, அதாவது உள்காற்று வெளியேறும் சிறு குழலை, கழற்றிக் காட்டினார். அதன் துளை சேற்றால் இறுக அடைபட்டிருந்தது. ஏற்றத்தில் கேஸ் சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது. வெளியேற வழியில்லாததால் அது எண்ணெயைச் சீல்களின் வழியே தள்ளுகிறது. ஒரு சிறு துளை அடைபட்டதில் தொடங்கிய கோளாறு, கிளட்ச் செட் வரைக்கும் வந்து முடிந்திருக்கிறது. இந்த ஜீப்பில் கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே எண்ணெய் போய்வர வாய்ப்பு உண்டு என்பதையும் அவர் சொன்னார். அதனால் ஒன்றில் அளவு குறைந்தாலோ கூடினாலோ, மற்றதையும் திறந்து பார்க்க வேண்டும்.

அன்று செய்த வேலையில் சீலும் ப்ரீதரும் முக்கியமானவை. கியர் பாக்ஸ் ஏற்கெனவே கீழே இருந்ததால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் ஆகிய நான்கையும் சேர்த்தே மாற்றினோம். இன்புட் ஷாஃப்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங் சிறிய பொருள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது பிடித்துக்கொண்டால், பெடலை முழுவதும் மிதித்தாலும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் போடும்போது பற்கள் நறநறவென்று அரைபடும்.

ஓட்டுநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வில்லிஸ் ஜீப்புகளின் காலத்திலிருந்து வரும் ஸ்பைசர் 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் சாதாரண ஓட்டத்துக்கு ஹை, கடும் ஏற்றத்துக்கு லோ என்று இரண்டு நிலைகள்; லோ விகிதம் 2.46. அதாவது, லோவில் போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. முன் ஆக்சிலை இணைத்த பிறகே லோ விழும் என்பதாலும், லீவர்களை மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும் என்பதாலும், பல ஓட்டுநர்கள் ஹையிலேயே ஃபர்ஸ்ட் கியரில் ஹாஃப் கிளட்ச் பிடித்து, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, ஏறுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் இப்போது தோட்டத்தின் வாயிலிலேயே லோ போட்டுவிடுகிறார். செகண்ட் கியரில், பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டு ஏறுகிறார். தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மறக்காமல் டூ வீலுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் வளைவுகளில் முன், பின் ஆக்சில்களுக்கிடையே முறுக்கு ஏறி, லீவர் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் லீவரை அடித்து இழுக்கக் கூடாது. நேராகச் சிறிது தூரம் ரிவர்ஸில் போனால் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து, மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்:

ஐயா எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தேன். எனக்கு நேர்ந்தது ஓடைத் தண்ணீரால் வந்த தொல்லை. ஆனைகட்டிப் பக்கம் உறவினரின் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். வெகுதூரம் ஓடிச் சூடேறிய கியர் பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. ஒரு மழைக்காலம் முடிந்து டிரெய்ன் பிளக்கைத் திறந்தபோது, பால் கலந்த தேநீர் போன்ற நிறத்தில் ஆயில் இறங்கியது. ஓடையின் முன் சற்று நேரம் நின்று, வண்டியை ஆறவிட்டு இறங்குவது நல்லது என்பதை அன்றிலிருந்து கடைப்பிடிக்கிறேன்.

அடுத்த தொல்லை, ஆயில் மாற்றிய இடத்திலிருந்து வந்தது. அந்தக் கடையில் ஆக்சிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஜிஎல்-5 என்ற தர வகை கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டு அழுந்துவதால் அங்கே கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகமுள்ள ஜிஎல்-5 தேவை. கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும், கியர் பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துவருவதில்லை. வேகத்தைச் சமன்செய்ய அந்த வளையம் கூம்பைப் பிடிக்க வேண்டும், ஆயிலோ அதைப் பிடிக்கவிடாமல் வழுக்கச் செய்கிறது. தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கும்போது பற்கள் மோதும் சத்தம் வர ஆரம்பித்தது. ஜிஎல்-4 ஆயிலுக்கு மாற்றியதும் பெருமளவு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. கடைசியில் செகண்ட் கியரின் வளையத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகப் பின்னால் தொங்குவதால் கியர் பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: கிளட்ச் மாற்றும் ஒவ்வொரு முறையும், பிளேட் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலை லேத்தில் கடைசலுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

இலங்கையின் ஹட்டனிலிருந்து, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்:

இங்கே தேயிலைத் தோட்டங்களின் மேற்பிரிவுகளுக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஏறிக்கொண்டிருக்கின்றன. என் டிஃபெண்டரில் ஒரு காலைப்பொழுதில் கிளட்ச் பெடல் தரைவரை இறங்கியது, கியர் விழவேயில்லை. இந்த வாகனத்தின் கிளட்ச் ஹைட்ராலிக் முறையில், அதாவது திரவ அழுத்தத்தால், இயங்குவது என்பதால், முதலில் போன கராஜில் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரை மாற்றினார்கள். பிறகு பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினார்கள். குணமில்லை. வேறொரு கராஜில் மூத்த மெக்கானிக் ஒருவர், பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைக் கவனித்தார். தண்டு முழு அளவுக்கு நகர்கிறது, ஆனால் கிளட்ச் விடுபடவில்லை. அப்படியானால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கியர் பாக்ஸை இறக்கியபோது, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க் தன் குமிழ்த் தாங்கியின்மேல் அமரும் இடத்தில் தகடு தேய்ந்து, குமிழ் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வந்திருந்தது. டிஃபெண்டர் வைத்திருப்பவர்களிடையே இது நன்கு அறியப்பட்ட பலவீனம். அந்த இடத்தில் கூடுதல் தகடு வைத்துப் பற்றவைத்த ஃபோர்க்குகள் தனியாகவே கிடைக்கின்றன. அதைத்தான் போட்டோம்.

ஐயா சொன்ன கசிவுக்கும் என் வாகனத்தில் ஒரு வழி இருக்கிறது. பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். கசியும் எண்ணெய் பிளேட்டில் தேங்காமல் அதன் வழியே சொட்டிவிடும். ஆழமான தண்ணீரில் இறங்கும்போது மட்டும் அதற்குரிய பிளக்கைத் திருகிவிட்டு, கரையேறியதும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை நிரந்தரமாகவே திருகிவைத்திருக்கும் வாகனங்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். அது கிளட்சுக்குக் கேடு.

போடிநாயக்கனூரிலிருந்து மீண்டும்:

ஹட்டன் நண்பர் எழுதிய தண்டுச் சோதனை மிகவும் பயனுள்ளது. எங்கள் மெக்கானிக்கிடமும் படித்துக் காட்டினேன்.

கோவைத் தம்பிக்கு: ஃப்ளைவீலை ஒவ்வொரு முறையும் லேத்தில் கொடுக்க வேண்டியதில்லை. அதன் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளோ, விரல் நகத்தில் தட்டுப்படும் வரிகளோ இருந்தால் கொடுத்துவிடுங்கள். அந்தத் திட்டுகள் சூட்டில் இறுகிய இடங்கள். அப்படியே விட்டால் புது பிளேட் முதல் நாளிலிருந்தே கிளம்பும்போது வண்டியை உதறும். முகம் ஒரே சீராக இருந்தால் எமரி தாளால் மினுக்கத்தைக் கலைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தால் போதும். நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் ஆழமான வெடிப்பு தெரிந்தால் கடைசலுக்கே இடமில்லை. வேறு ஃப்ளைவீல்தான் தேட வேண்டும். எடுத்து மாட்டும்போது பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முதலில் முழுவதும் இறுக்கினால் அதன் தகடு கோணிவிடும்.