யானை முடிவாட்டம்: கைக்கு வந்த அரைப் புள்ளியை எப்படி விட்டேன்?

மேலூர் நான்காம் பலகை:
ஞாயிற்றுக்கிழமை தல்லாகுளத்தில் மகளிர் சதுரங்க லீக்கின் கடைசிச் சுற்று. அணிக்கு நால்வர், நான்கு பலகைகள். மூன்று பலகைகள் முடிந்து 2-1 என்று நாங்கள் முன்னே இருந்தோம். எனக்கு அரைப் புள்ளி கிடைத்தால் வெற்றி எங்களுக்கு. எதிரே கல்லூரி மாணவி ஒருவர். எங்கள் அணித்தலைவி வந்து, "டிரா கேட்டுப் பாருங்கள்" என்றார். விதிப்படி அதற்குமேல் அவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. கேட்டேன், அந்தப் பெண் தலையசைத்து மறுத்துவிட்டார்.

அவருடைய ராஜா டி5 கட்டத்தில், சிப்பாய் இ5-இல், யானை ஏ7-இல். கறுப்புக் காய் எனக்கு: ராஜா இ8, யானை எச்6. சிப்பாயை இ6-க்குத் தள்ளினார். அதுவரை என்னைக் காப்பாற்றிய ஆறாம் வரிசையை விட மனம் வராமல் யானையை ஜி6-க்கு நகர்த்தினேன். அவர் ராஜா டி6-க்கு ஏறியது. குறுக்கே சிப்பாய் நிற்பதால் என்னால் செக் வைக்க முடியவில்லை. ஏ8-இல் செக்மேட் காத்திருந்தது. ராஜாவை விலக்கிப் பார்த்தும் பயனில்லை. 2-2.

பஸ் ஒத்தக்கடையைத் தாண்டும்வரை நாங்கள் நால்வரும் பேசவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரத்தில் 30 விநாடி மட்டுமே கூடும்போது கை தவறாமல் இருக்க எப்படிப் பழகுவது?

திருமங்கலம் பயிற்சியாளர்:
ஜி6 ஒன்றுதான் தவறு, அம்மா. பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிடோர் 1777-லேயே அச்சில் காட்டிய நிலை இது. சிப்பாய் ஐந்தாம் வரிசையில் நிற்கும்வரை யானை ஆறாம் வரிசையைக் காக்க வேண்டும். சிப்பாய் ஆறுக்கு வந்த அந்த நொடியே எச்1-க்கு இறங்க வேண்டும். ராஜா டி6-க்கு வந்தால் டி1-இலிருந்து செக். இ5-க்குத் திரும்பினால் இ1-இலிருந்து செக். சிப்பாய் முன்னேறிவிட்டதால் செக்கிலிருந்து ஒதுங்க அந்த ராஜாவுக்கு இடமில்லை. வீட்டில் யாரையாவது வெள்ளைக்கு உட்காரவைத்து, தினமும் இந்த ஒரு நிலையை மட்டும் பத்து முறை ஆடுங்கள்.

உசிலம்பட்டி வெள்ளைக்காய்:
அக்கா, எதிரே இருந்தது நான்தான். சிப்பாயைத் தள்ளிவிட்டு, உங்கள் கை யானையைக் கீழே இறக்கிவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீங்கள் ஜி6-இல் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. நீங்கள் டிரா கேட்டபோதும் ஆட்டம் டிராதான். எங்கள் அணி பின்தங்கியிருந்ததால் மறுக்க வேண்டியதாயிற்று.

மேலூர் நான்காம் பலகை:
நன்றாகச் செய்தாய், அம்மா. உன் இடத்தில் நானும் மறுத்திருப்பேன். ஐயா, நேற்றிரவு என் மகள் வெள்ளைக்கு உட்கார்ந்தாள். பத்தில் ஏழு முறை டிரா செய்தேன். இன்றும் பலகையை எடுத்துவைத்திருக்கிறேன்.