சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ்

குழு: பாளையங்கோட்டை வீடு

கவிதா: (படம்) இந்த நாற்காலியை வாங்கலாம் என்று இருக்கிறேன். 14,500 ரூபாய், முதுகுக்கு வலை, தலைக்குத் தனி மெத்தை. நாள் முழுக்க சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்து, கழுத்து திரும்பவே மாட்டேன் என்கிறது. சாயங்காலம் ஆனால் தோள் இரண்டும் கல்லாகிவிடுகிறது

அம்மா: மத்தியானம் சோறு வைக்க அந்த மேஜையில் இடம் இல்லை. எங்கே பார்த்தாலும் வயர்

தினேஷ்: நாற்காலியே வேண்டாம் கவிதா, நின்றுகொண்டு வேலை பார்க்கிற மேஜை வாங்கு. பட்டனை அழுத்தினால் ஏறும், இறங்கும். எங்கள் ஆபீசில் பாதிப் பேர் அதில்தான்

செல்வம் சித்தப்பா: டேய் தினேஷ், நான் தி.நகர் ஜவுளிக்கடையில் காலையில் கவுண்டருக்குப் பின்னால் போனால் கடை சாத்தும் வரை நின்றவன். ஆள் வராத நேரத்தில் ரேக்கில் லேசாகச் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் முறைப்பார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகத் தெரிகிறதே, அது அங்கே கிடைத்த போனஸ். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான், கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது. நாங்கள் நாற்காலிக்கு ஏங்கினோம், நீ காசு கொடுத்து நிற்கச் சொல்கிறாய்

தினேஷ்: மாமா 😄 நாள் பூராவும் நிற்கச் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் நின்று கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றேன்

அம்மா: எழுந்து நடப்பதற்கு எதற்குப் பட்டன் வைத்த மேஜை? குக்கர் விசில் வந்தால் எழுந்து போய் அணைக்கச் சொல், போதும்

அனிதா: பெரியம்மா சொல்வதை நான் ஆஸ்பத்திரியில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறேன் 😂 அக்கா, விரல் மரத்துப்போகிறதா? எந்த விரல்?

கவிதா: சுண்டுவிரலும் மோதிர விரலும். இரண்டு கையிலும் இல்லை, இடது கையில் மட்டும்

அனிதா: அப்படியென்றால் இடது முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு இருக்கிறாய். முழங்கை இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்புதான் இந்த இரண்டு விரலுக்கும் போகிறது, அங்கே எலும்பை ஒட்டி மேலாகவே ஓடும், அழுத்தினால் மரக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். முதலில் ஊன்றுவதை நிறுத்திப் பார். அப்புறமும் விடவில்லை, பிடிமானம் குறைகிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு

சரோஜா அத்தை: இவ்வளவு பேசுகிறீர்கள், மேஜை எத்தனை இஞ்ச் என்று ஒருத்தரும் கேட்கவில்லை

கவிதா: 30 அத்தை, இப்போதுதான் அளந்தேன்

சரோஜா அத்தை: சரி. சாதாரண நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டு முழங்கையை மட்டும் மடக்கு. தரையிலிருந்து முழங்கை வரை எவ்வளவு என்று விஜயாவை அளக்கச் சொல்

அம்மா: இருபத்தி நாலரை வருகிறது மதினி

சரோஜா அத்தை: பார்த்தாயா, ஐந்தரை இஞ்ச் வித்தியாசம். 5 அடி 1 அங்குல ஆளுக்கு 30 இஞ்ச் மேஜை எழுதவே அதிகம், இதில் டைப் அடித்தால் தோளைத் தூக்கித்தான் ஆக வேண்டும், எட்டு மணி நேரம் தூக்கிக்கொண்டே இருந்தால் கல்லாகாமல் என்ன செய்யும்? நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன் மிஷின் வைத்திருந்த மேஜை எல்லாம் 26 இஞ்ச்தான், மிஷினே உயரம் என்பதால் மேஜையைத் தாழ்த்திப் போட்டிருப்போம். முதல் பாடம் யளனகபக அடிக்க ஆரம்பிக்கும் முன்பே முழங்கை விலாவை ஒட்டி இருக்கிறதா, மணிக்கட்டு தொங்குகிறதா என்றுதான் பார்ப்பேன். ஸ்கேலால் ஒரு தட்டு வாங்காமல் என்னிடம் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணியவர்கள் கிடையாது

தினேஷ்: நானும் வாங்கியிருக்கிறேன் அம்மா

கவிதா: அப்போ இந்த நாற்காலி வேண்டாமா?

சரோஜா அத்தை: மேஜை அப்படியே இருந்தால் 14,000 ரூபாய் நாற்காலியில் உட்கார்ந்தும் தோளைத் தூக்குவாய்

அனிதா: நாற்காலியை ஏற்றினால் கை சரியாகிவிடும், ஆனால் கால் அந்தரத்தில் தொங்கும், தொடைக்கு அடியில் அழுத்தும். அப்படிச் செய்தால் காலுக்கு ஐந்து இஞ்ச் பலகை கண்டிப்பாக வேண்டும். அப்புறம் அந்தப் படத்தில் இருக்கிற சீட்டின் ஆழத்தைப் பார் அக்கா. முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தால் சீட் முனைக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். ஆழமாக இருந்தால் நீ முனையில்தான் உட்காருவாய், அப்புறம் அந்த வலையும் தலை மெத்தையும் சும்மா அழகுக்குத்தான். கைப்பிடி ஏறி இறங்குகிற மாதிரி இல்லையென்றால் அது மேஜையில் இடித்து உன்னைத் தள்ளி உட்கார வைக்கும்

முருகேசன் மாமா: இப்போதுதான் பார்த்தேன், பட்டறையில் இருந்தேன். கவிதா, மேஜைக் காலை ஐந்து இஞ்ச் அறுத்துவிடட்டுமா

அம்மா: அண்ணே, அது தேக்கு. எனக்குச் சீராகக் கொடுத்தது. நீங்கள்தான் செய்தீர்கள்

முருகேசன் மாமா: அதனால்தான் உன்னிடம் கேட்டுவிட்டு அறுக்கலாம் என்று பார்த்தேன் 😄 அடியில் கீபோர்டுக்கு டிரே மாட்டவும் முடியாது, மரச்சட்டம் நாலு இஞ்ச் இறங்கி நிற்கிறது, தொடையில் இடிக்கும். அந்த மேஜையை விடுங்கள். போன வேலையில் மிஞ்சிய 18 எம்எம் பிளை கிடக்கிறது, நாலடிக்கு இரண்டடி வரும். 25 இஞ்ச்சில் இரும்புக் கால் போட்டுத் தருகிறேன். முன் விளிம்பை நன்றாக உருட்டி விடுகிறேன், கை வைத்தால் வெட்டாது

கவிதா: மாமா 🙏 ஆனால் மேஜை தாழ்ந்தால் லேப்டாப் இன்னும் கீழே போகுமே, ஏற்கெனவே குனிந்துதான் பார்க்கிறேன்

சரோஜா அத்தை: லேப்டாப்பில் அதுதான் தொல்லை, கீயும் திரையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து போகும், கழுத்துக்கு வைத்தால் கை போகும். தனியாக ஒரு கீபோர்டும் மவுசும் வாங்கு, பெரிய விலை இல்லை. லேப்டாப்பைப் புத்தகத்தின் மேல் ஏற்று, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையில் படுகிற தூரம்

அம்மா: புத்தகத்துக்கா பஞ்சம். அவள் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருக்கிற டி.என்.பி.எஸ்.சி. கைடு அத்தனையும் பீரோ மேல் இருக்கிறது

கவிதா: அம்மா!!

செல்வம் சித்தப்பா: இதற்காகவாவது பயன்படட்டும்

செல்வம் சித்தப்பா: கண் மட்டத்துக்கு வைத்தால் எனக்குக் கழுத்து வலிக்கிறதே, ஏன்?

அனிதா: உங்களுடையது மேலே தூரம், கீழே கிட்டம் பார்க்கிற கண்ணாடி அப்பா. கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க நாடியைத் தூக்குகிறீர்கள். உங்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும்

கவிதா: இன்னொன்று, பின்னால் ஜன்னல் இருக்கிறது, பத்து மணிக்கு மேல் திரையில் என் முகம்தான் தெரிகிறது, எல்லாவற்றையும் இருட்டிலே படிக்கிற மாதிரி இருக்கிறது

அனிதா: ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேஜையைத் திருப்பு, நேர் எதிரிலும் வேண்டாம், கண் கூசும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி எதையாவது 20 விநாடி பார். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடும், அதுதான் எரிகிறது

அம்மா: ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி சரியாக இருபதடி இருக்கும். நிரம்பி வழிந்தால் குரல் கொடு, அவர்கள் கவனிப்பதே இல்லை

தினேஷ்: அப்போ நாற்காலி?

சரோஜா அத்தை: மேஜை வரட்டும். இப்போதைக்கு வீட்டு நாற்காலியில் இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு மாதம் பார்க்கட்டும். வாங்கினாலும் கடைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும், படத்தைப் பார்த்து இல்லை

கவிதா: சரி அத்தை. கீபோர்டு மட்டும் இன்றைக்கு ஆர்டர் போடுகிறேன்

முருகேசன் மாமா: ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். வயர் போக ஓட்டை வலது பக்கமா, இடது பக்கமா?

கவிதா: இடது பக்கம் மாமா, பிளக் அங்கேதான்

அம்மா: அண்ணே, வரும்போது இழைப்புளியும் எடுத்து வாருங்கள், அடுக்களைக் கதவு மழைக்கு ஊறி உரசுகிறது