மடலாடல்: ‘கவாய் மெட்டல்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

இரா. எழுதியது:

அன்பு நண்பர்களே,

இசை வகைமைச் சொற்பட்டியலில் ‘ஹெவி மெட்டல்’ என்ற அதிரடி ராக் வகை இன்னும் காலிக் கட்டமாகவே கிடக்கிறது. அதன் கிளையான ‘கவாய் மெட்டல்’ (கவாய் என்றால் ஜப்பானியத்தில் கொஞ்சத் தோன்றும் அழகு) பாடு அதைவிட மோசம். ஜப்பானின் பேபிமெட்டல் குழுவைப் பற்றி எழுதும்போது “அழகிய கன உலோக இசை” என்று போட்டுவிடுகிறார்கள். கன உலோகம் என்றால் வேதியியலில் பாதரசம், ஈயம் வகையறா; பாதரசத்துக்குப் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறது.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதை முதலில் வைக்கிறேன். அடியில் சுருதி இறக்கிய ஏழு தந்திக் கிட்டார், இரட்டை மிதியில் உருளும் டிரம். அதன்மேல் ஜப்பானில் ‘ஐடல்’ எனப்படும், ஆடிப்பாடும் இளம் நட்சத்திரங்களின் பாட்டிலுள்ள பளிச்சென்ற பல்லவி, கூட்டமே சேர்ந்து கூவத் தோதான சிறுசிறு கூவல்கள், அடிக்கு அடி ஒத்துப்போகும் ஆட்டம். இரண்டும் ஒரே பாட்டில், ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். ஒரு பாட்டு மெட்டல், அடுத்தது பாப் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அது இந்த வகை ஆகாது. மெட்டல் வாசிக்கிற பெண்கள் குழு எல்லாமும் ஆகாது. பேண்ட்-மெய்ட் பணிப்பெண் உடையில் மேடையேறினாலும் தாங்களே கருவி வாசிக்கும் ஹார்ட் ராக் குழு. அவர்களை இதில் சேர்ப்பது தவறு.

என் பரிந்துரைகள்: செல்லக் கன உலோகம், மழலை மெட்டல், வன்மெட்டு. கடைசிச் சொல்லில் மெட்டலும் மெட்டும் ஒலியில் ஒன்றிப்போவது கூடுதல் லாபம்.

– இரா.

செ. எழுதியது:

> செல்லக் கன உலோகம்

ஐயா, ‘கன’ வேண்டவே வேண்டாம். வேதியியல்காரர்கள் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு பக்கம். இசைக்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கிறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஐந்தும் கனராகங்கள். தாளம், கடம் போன்றவை கனவாத்தியங்கள். அதோடு ‘உலோக’த்தையும் சேர்த்தால் வாசகருக்குத் தோன்றுவது ஜால்ராவும் சேமக்கலமும்தான். நாம் சொல்ல வருவதோ நரம்புக்கருவியும் தோற்கருவியும் முன்னால் நிற்கிற இசை.

> வன்மெட்டு

ஒலி ஒப்புமை அழகுதான், பொருள்தான் இடிக்கிறது. நம்மிடம் மெட்டு என்றால் பாட்டெழுத வரி கேட்டு நிற்கும் இன்னிசை வடிவம். மெட்டலின் முதுகெலும்பு ‘ரிஃப்’: தாழ்ந்த தந்தியில் திரும்பத் திரும்ப வரும் சிறு துணுக்கு. தந்திப்பாலத்தின் ஓரத்தில் உள்ளங்கை விளிம்பை வைத்து அமுக்கி வாசிப்பதால் சுரம் நீளாமல் ‘ஜக் ஜக்’ என்று வெட்டுப்படும். அதைப் பாட முடியாது, தட்டத்தான் முடியும். வன்மெட்டு என்றால் பாடக் கடினமான மெட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. ‘கவாய் மெட்டல்’ ஒரே குழுவின் விளம்பரத்துக்காகப் பிறந்த சொல்தானே? அதற்குத் தனிப்பதிவு தேவையா?

– செ.

ம. எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பிறந்தது பேபிமெட்டலோடுதான், ஆனால் அவர்களோடு நின்றுவிடவில்லை. 2015-இல் லேடிபேபி வந்தது: உறுமுவதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தாடிக்காரர் லேடிபியர்ட், பக்கத்தில் இரண்டு பெண்கள். அதன் பிறகும் குழுக்கள் வந்தன. பேபிமெட்டலின் ‘மெட்டல் ரெசிஸ்டன்ஸ்’ தொகுப்பு 2016-இல் அமெரிக்காவின் தொகுப்புத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் 39-ஆம் இடம் பிடித்தது; ‘மெட்டல் ஃபோர்த்’ 2025-இல் 9-ஆம் இடம். ‘மெட்டல் ஃபோர்த்’ தொகுப்பில் டெல்லியின் பிளட்டிவுட் குழுவோடு சேர்ந்த ‘கொன்! கொன்!’ என்ற பாட்டும் இருக்கிறது. ஜப்பானில் நரி அப்படித்தான் கத்தும். இவ்வளவு பேசப்படும் வகைக்குப் பதிவு இல்லாவிட்டால் நாளைக்கும் பாதரசம்தான்.

இனிச் சொல். ஜப்பானியர்களே இதை எப்படிக் கட்டினார்கள் என்று பாருங்கள். சகுரா காக்குயின் என்ற ஐடல் குழு பள்ளிக்கூடம் போல நடந்தது. அதற்குள் சமையல் மன்றம், செய்தித்தாள் மன்றம் என்று உட்குழுக்கள். 2010-இல் அப்படித் தொடங்கிய ஒரு மன்றம்தான் பேபிமெட்டல். மன்றத்தின் பெயர் ‘ஜூஒன்பு’. ஜப்பானியப் பள்ளிகளில் வழக்கமாக இருப்பது ‘கெய்ஒன்பு’, அதாவது மெல்லிசை மன்றம். முதல் எழுத்தான ‘இலேசு’ என்பதை எடுத்துவிட்டு ‘பாரம்’ என்பதை வைத்துவிட்டார்கள்.

நம்மிடமும் மெல்லிசை என்ற சொல் ஊருக்கு ஊர் கச்சேரிப் பலகையில் இருக்கிறது. அதே இடத்தில் அதே எழுத்தைத் திருப்பினால் ஹெவி மெட்டலுக்கு வல்லிசை. மெல்லினத்துக்கு எதிர் வல்லினம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்தவர்களுக்கு விளக்கம்கூடத் தேவையில்லை.

குழுவின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். ஜப்பானியத்தில் ஹெவி மெட்டல் ‘ஹெபீ மெதாரு’, இவர்கள் ‘பெபீ மெதாரு’. எழுத்தில் வேறுபாடு இரண்டே புள்ளி. அந்தச் சிலேடை தமிழில் எப்படியும் நிற்காது. பேபிமெட்டல் என்றே ஒரே சொல்லாக எழுதுவோம்.

– ம.

த. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம். ஈயம், பாதரசம் வகையறாவுக்கு எங்கள் பக்கம் ‘பார உலோகம்’ என்று பாவிக்கிறோம். ஆகவே ‘பார இசை’ என்று யாரும் இனிக் கிளம்ப வேண்டாம், அதிலும் அதே குழப்பம்.

வல்லிசைக்கு என் வாக்கு உண்டு. ஆனால் அது புதுச்சொல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் இருபது வண்ணங்களில் (ஓசை வகைகளில்) வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. வல்லெழுத்து மிகுந்து வருவது வல்லிசை. இது மோதலா, துணையா என்று யோசித்தேன். துணை என்றே படுகிறது. யாப்பில் வருவது ‘வல்லிசை வண்ணம்’ என்ற முழுத்தொடர், தனிச்சொல்லாக எவரும் ஆள்வதில்லை. தவிர, அவர்களுடைய ‘கிம்மி சாக்லேட்’ பாட்டின் தொடக்கத்தில் அடுக்கிவரும் ‘த’ எழுத்துக் கூவலைக் கேட்டால் வல்லெழுத்து மிகுதி என்று எந்தப் புலவரும் ஒப்புவார்.

இப்போது கவாய். இந்த எழுத்துக்கூட்டலே பிழை. ஜப்பானியத்தில் அது க-வ-இ-இ, நான்கு மாத்திரை. ‘வ’ குறில், நீளுவது கடைசி இகரம். ‘கவாய்’ என்று வகரத்தை நீட்டி வாலை வெட்டுவது தலைகீழ் வேலை. முதலெழுத்தையும் ஒகரமாக்கி வாலையும் குறைத்தால் ‘கொவஇ’. அதற்குப் பொருள் பயங்கரம் என்பது.

நான்கு மாத்திரைக்கு நம்மிடம் அப்படியே ஓர் உரு இருக்கிறது: ‘கவைஇ’. ஐங்குறுநூற்றுச் செவிலி கூற்றுப் பத்தில் ‘புதல்வற் கவைஇய’ தாய் வருகிறாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடப்பது. ஒலியும் பொருத்தம், பொருளும் பக்கத்தில். கவைஇ வல்லிசை?

– த.

செ. எழுதியது:

த. அவர்கள் போட்ட போட்டில் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனேன். ஆனாலும் மறுக்கிறேன்.

ஜப்பானியச் சொல்லின் வேர் வேறு. முகம் என்ற சொல்லும், கூசிச் சிவப்பது என்ற சொல்லும் சேர்ந்து உருமாறி வந்தது அது. அணைப்பதற்கும் அதற்கும் உறவில்லை. இதைக் கலைச்சொல்லாக வைத்தால் அடுத்த மடலிலேயே ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை யாராவது இழுத்துவருவார்கள்; இழை நூறு மடலுக்கு ஓடும், சொல் மட்டும் கிடைக்காது.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அளபெடை இகரத்தைத் தட்டச்சுக்காரர் விட்டுவிடுவார், அல்லது இடைவெளி விட்டுத் தனி எழுத்தாக்குவார். எஞ்சுவது ‘கவை வல்லிசை’. மரக்கிளைக் கவட்டைதான் நினைவுக்கு வரும். “கவைக்குதவாத வல்லிசை” என்று ஒருவர் எழுதாமலா இருப்பார்?

‘செல்ல வல்லிசை’யையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். செல்ல வல்ல இசை. போகத் திறமுள்ள இசையா?

– செ.

இரா. எழுதியது:

ஒப்புகிறேன், செல்லம் போயிற்று. ‘சுட்டி வல்லிசை’ என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். கணினிக்காரர்கள் நிறைந்த இந்தக் குழுவில் சுட்டி என்றால் எலியும் இணைப்பும்தான். ‘குட்டி’யில் ஒரு கொச்சை வாடை உண்டு.

மழலையை மட்டும் விட மனமில்லை.

– இரா.

ம. எழுதியது:

> மழலையை மட்டும் விட மனமில்லை

விடத்தான் வேண்டும். மழலை என்றால் திருந்தாத பேச்சு. முதன்மைப் பாடகி சு-மெட்டலின் குரல் அதற்கு நேரெதிர்: அசைவு குறைந்து, நேராக நீளும் குரல். கிட்டார் சுவருக்கு மேலே அது தெளிவாகக் கேட்பதற்கும் அதுவே காரணம். சிதைத்த கிட்டார் தாழ்ந்த, நடு அலைவரிசைகளை அடைத்துக்கொள்ளும். குழைந்து நடுங்கும் குரல் அதற்குள் கரைந்துவிடும். குறும்பும் கொஞ்சலும் வருவது பக்கத்தில் நிற்கும் இருவரிடமிருந்து. தொடக்கத்தில் யுய்மெட்டலும் மொவாமெட்டலும். யுய் 2018-இல் விலகிவிட்டார், 2023 முதல் மொமொமெட்டல். குழுவின் பட்டியலில் அந்த இருவர் பங்கு நெடுங்காலம் ‘அலறலும் ஆட்டமும்’ என்றே இருந்தது. அவர்கள் இடையிடையே போடும் கூவலுக்கு நம் வில்லுப்பாட்டின் ‘ஆமா போடுதல்’ நல்ல இணை. ‘பின்பாட்டு’ என்று எழுதினால் வரியைத் திருப்பிப் பாடுவதாகிவிடும்.

ஆக, குரல் குழந்தைக்குரல் இல்லை. இசை கொஞ்சுகிறது, அவ்வளவுதான். கொஞ்சுவல்லிசை என்று வினைத்தொகையாக வைக்கலாம். கொஞ்சிய, கொஞ்சுகின்ற, கொஞ்சும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். 2010-இல் சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று பெரியவர்கள் ஆகிவிட்டார்கள் என்பதால் வயதைச் சுட்டாத சொல் இன்னும் நல்லது.

– ம.

த. எழுதியது:

கொஞ்சுவல்லிசை நல்ல வடிவான சொல். கவைஇயைத் திரும்பப் பெறுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

‘ஹார்ட் ராக்’கையும் யாராவது வல்லிசை என்று எழுதிவிடுவார்கள். அதற்கு ‘வன்ராக்’ என்று இப்போதே பட்டியலில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் குழுவின் கைச்சைகையை ‘கொம்பு முத்திரை’ என்று எழுதுவது பிழை. மெட்டல் ரசிகர்கள் காட்டும் கொம்பில் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையில் மடங்கும், பெருவிரல் அவற்றின் முதுகில் ஏறி அழுத்தும். இவர்கள் காட்டுவது நரி. அந்த இரு விரல்களும் மடங்காமல் முன்னால் நீண்டு, நுனியில் பெருவிரல் நுனியைத் தொட வேண்டும், அது மூக்கு. சுட்டுவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்த காது. பரதம் பயின்றவர்களுக்கு ஒரு வரி போதும்: சிம்மமுக முத்திரை. கட்டுரைகளில் ‘நரிமுத்திரை’ என்று எழுதி, கை அமைப்பு சிம்மமுகம் போன்றது என்று சேர்த்தால் படம்கூடத் தேவைப்படாது.

– த.

இரா. எழுதியது:

பட்டியலில் ஏற்றியது:

வல்லிசை – ஹெவி மெட்டல். பாதரச வகையறாவுக்குக் கன உலோகம் / பார உலோகம். இசைக்கு அவை கூடாது. வழிச்சொற்கள்: வல்லிசைக் குழு, வல்லிசைஞர்.

கொஞ்சு வல்லிசை – கவாய் மெட்டல். வல்லிசையின் கருவியமைப்பும் ஐடல் பாட்டின் பல்லவி, கூவல், ஆட்டமும் ஒரே பாட்டில் கலந்த வகை. ஒலிபெயர்ப்பு தேவைப்படும் இடத்தில் ‘கவயீ’, கவாய் தவிர்க்க.

வன்ராக் – ஹார்ட் ராக். நரிமுத்திரை – மேலே த. சொன்னபடி.

கட்டுரையில் முதல்முறை வரும்போது “ஹெவி மெட்டல் எனப்படும் வல்லிசை” என்று எழுதுங்கள், பிறகு தனியே ஆளலாம். ‘ரிஃப்’ அப்படியே நிற்கிறது. செ. அதற்குத் தனி இழை தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

– இரா.

செ. எழுதியது:

ஒரே திருத்தம். பட்டியலில் ‘கொஞ்சு வல்லிசை’ என்று இடைவெளியோடு ஏறியிருக்கிறது. வினைத்தொகை, பிரிக்கக் கூடாது. பிரித்தால் ‘வல்லிசையைக் கொஞ்சு’ என்று ஏவுகிற மாதிரி ஆகிவிடும்.

– செ.