வெர்சாய் தோட்டத்தில் அப்பொல்லோவின் தேர் ஏன் அரண்மனையை நோக்கி வருகிறது?

கேள்வி (நிலவடிவமைப்பு மாணவி):
பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில், பெரிய கால்வாயின் தொடக்கத்தில் உள்ள குளத்திலிருந்து கதிரவக் கடவுள் அப்பொல்லோவின் தேர் எழுகிறது. ஆனால் அது மேற்கே செல்லாமல், கிழக்கிலுள்ள அரண்மனையைப் பார்த்தபடி இருக்கிறது. சூரியன் செல்லும் திசைக்கு இது நேரெதிர் அல்லவா? இது கவனக்குறைவா, திட்டமிட்டதா?

மறுமொழி 1 (கட்டடக்கலை ஆசிரியர்):
திட்டமிட்டதுதான். தோட்ட வடிவமைப்பாளர் ஆந்த்ரே லெ நோத்ர் 1661இல் பணியைத் தொடங்குவதற்கு முன்பே அங்கே குளம் இருந்தது. சிற்பி த்யூபி ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய தேர் 1671இல்தான் அதில் அமர்ந்தது. அரண்மனை மேட்டில் நிற்கும் அரசரின் பார்வையிலிருந்துதான் நிலம் படிப்படியாகக் கால்வாய் வரை தாழ்ந்து செல்கிறது. தேர் மேற்கே திரும்பியிருந்தால், சூரியனைத் தம் சின்னமாகக் கொண்டிருந்த 14ஆம் லூயிக்குக் குதிரைகளின் பின்புறம்தான் தெரிந்திருக்கும்! அரண்மனையையும் கால்வாயையும் இணைக்கும் அதே நேர்கோட்டில், மேலே ஊற்றுச் சிலையாக நிற்கும் லத்தோனா அப்பொல்லோவின் தாய். முதலில் அரண்மனையைப் பார்த்திருந்த அவளை, 1687–89இல் கட்டடக் கலைஞர் அர்துவான்-மான்சார் பளிங்கு அடுக்குகளின் மீது உயர்த்திக் கால்வாய்ப் பக்கம் திருப்பினார். இன்று தாயும் மகனும் 335 மீட்டர் நீளப் புல்வெளிக்கு இருபுறமும் எதிரெதிரே இருக்கின்றனர்.

மறுமொழி 2 (சிற்பக்கலை ஆர்வலர்):
லத்தோனாவைச் சுற்றியுள்ள உருவங்களையும் அருகில் சென்று பாருங்கள். புராணக் கதைப்படி அவளுக்குத் தண்ணீர் மறுத்த குடியானவர்கள் தவளையாக மாறுகிறார்கள்: ஒருவனுக்கு உடல் மனிதனுடையதாகவே இருக்க, முகம் மட்டும் தவளையாகி, பிளந்த வாயிலிருந்து நீர் பீறிடுகிறது. நீர் நின்றுவிட்டால் அந்தத் தண்டனையின் வேகமே குறைந்துவிடும். ஆனால் அந்த நீர்தான் அங்கே எப்போதும் பற்றாக்குறை. செய்ன் ஆற்றிலிருந்து நீரேற்ற 1684இல் மார்லியில் 14 சக்கரங்கள் கொண்ட பொறி அமைத்த பிறகும் அது போதவில்லை. ஊற்றுப் பணியாளர்கள் சீழ்க்கையடித்து ஒருவருக்கொருவர் அறிவித்து, அரசர் நெருங்கும் ஊற்றைத் திறந்து, அவர் கடந்ததும் மூடினார்கள்.

மறுமொழி 3 (மாணவி):
மிக்க நன்றி, ஐயா. ஆனாலும் எல்லாச் சிலைகளுக்கும் இந்த விளக்கம் பொருந்துமா? பருவங்கள், கண்டங்கள் என 1674இல் அரச ஓவியர் லெ ப்ரன் வரைந்து கொடுத்த 24 சிலைகள், அரண்மனை முன்னுள்ள நீர்த்தளத்துக்காக (குளங்கள் அமைந்த திறந்தவெளித் தளம்)த் திட்டமிடப்பட்டவை என்று படித்திருக்கிறேன்.

மறுமொழி 4 (கட்டடக்கலை ஆசிரியர்):
பொருந்தாது, அங்கே உங்கள் ஐயம் நியாயமானதே. நீர்த்தளத்தின் வடிவமே பின்னர் மாறியதால், அவை தோட்டத்தின் பிற பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. ஜிரார்தோன் செதுக்கிய குளிர்காலக் கிழவர், தீச்சட்டியருகே குறுகி நிற்பவர், எந்த வேலியோரத்திலும் தனியாகப் பொருள் தருவார். லத்தோனாவை அப்படி நகர்த்த முடியாது.