குளிர் தொடங்கும்போது ஐஸ்கிரீம் வண்டி

ஐஸ்கிரீம் வண்டியின் மணியோசை என்றாலே கோடைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் வெயில் தணிந்து, மாலைக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் வண்டியில் வாங்கும் ஐஸ்கிரீமை ருசி அறிந்து சாப்பிட முடிகிறது என்பது என் அனுபவம்.

உச்சிக் கோடையில் கோன் கைக்கு வந்த நொடியிலேயே அவசரம் தொற்றிக்கொள்கிறது. ஒரு பக்கம் வழிவதை நாக்கால் தடுப்பதற்குள் மறுபக்கம் ஒழுகி மணிக்கட்டுவரை வந்துவிடுவதால், தின்று முடித்தபின் குளிர்ச்சி நினைவிருக்குமே தவிர வெனிலாவா, பிஸ்தாவா என்பது மனதில் நிற்பதில்லை. அந்த வெயிலுக்குப் பழச்சாற்றில் செய்த குச்சி ஐஸ் போதும், தாகமும் தணியும்.

இலைகள் உதிரத் தொடங்கிய ஒரு மாலையில், ஸ்வெட்டர் அணிந்தபடி, சாக்லேட் பூசிய குச்சி ஐஸ்கிரீம் ஒன்றை வாங்கினேன். முதல் கடியில் சாக்லேட் ஓடு சட்டென்று விரிசல் விட்டது. கோடையில் அது இளகிக் குழைந்து விரலில் ஒட்டுமே தவிர, இப்படி உடையாது. மிகக் குளிர்ந்த நாக்கு இனிப்பை மங்கலாகவே உணரும் என்பதால்தான் ஐஸ்கிரீமில் சர்க்கரையைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். முழுவதும் உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும் அதுவே காரணம். குளிர்ந்த காற்றில் அது ஓரங்களிலிருந்து மெதுவாக இளகுவதால், ஒவ்வொரு கடியிலும் இனிப்பும் மணமும் சற்றே கூடி வருவதை நிதானமாகக் கவனிக்கலாம். 1920-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுன் நகரில் ஹாரி பர்ட் என்பவர் மணி கட்டிய வண்டிகளில் விற்கத் தொடங்கியதும் இதே சாக்லேட் பூசிய குச்சி ஐஸ்கிரீம்தான்.

கூட்டம் இல்லாத அன்று விற்பனையாளரும் பொறுமையாகப் பேசினார். பெட்டியைத் திறந்து, அதன் பக்கச் சுவர்களில் பதித்திருந்த உலோகத் தகடுகளைக் காட்டினார். இரவு முழுவதும் மின்சாரத்தில் இணைத்து வைத்தால் தகடுகளுக்குள் இருக்கும் உப்புக்கரைசல் உறைந்துவிடும். மறுநாள் பகல் முழுவதும் அந்தக் குளிரே பெட்டியைக் காக்கும். கோடையில் மூடியை ஓயாமல் திறந்து மூடுவதால் உள்ளே வெப்பம் ஏறி இறங்குகிறது. அப்போது ஐஸ்கிரீமில் உள்ள நுண்ணிய பனிப்படிகங்கள் சற்றே உருகி, மறுபடி உறையும்போது பெரிதாகின்றன. ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் நாக்கில் நறநறவென்று தட்டுப்படும். குளிர் நாள்களில் மூடி அவ்வளவாகத் திறக்கப்படுவதில்லை என்று அவர் சொன்னபோதுதான், அன்றைய வழுவழுப்பின் காரணம் எனக்குப் புரிந்தது.

பருவத்தின் கடைசியில் பழைய சரக்கு தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. உறைக்குள் பனித்துகள் அப்பியிருந்தாலோ, உருகி உறைந்ததுபோல் வடிவம் குலைந்திருந்தாலோ நான் வாங்குவதில்லை. வேறொன்றைக் கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள்.

குளிர்காலம் கழிந்து வண்டி மறுபடி வரும்போது நான் முதலில் கேட்பது இயந்திரத்திலிருந்து சுருள் சுருளாக இறங்கும் மென்மையான ஐஸ்கிரீம். பெட்டியில் இறுகிக் கிடப்பதைவிட இதன் குளிர் குறைவு என்பதால், பாலின் சுவை முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எந்த வாரத்தோடு ஓட்டத்தை நிறுத்தப்போகிறார்கள் என்பதை விற்பனையாளரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அவர் தேதியைச் சொன்னதோடு, எனக்குப் பிடித்ததில் இரண்டை எடுத்து வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.